ஜெசிதாவுக்குச் சொன்ன தொகை

தன் நாட்கட்டணம் எவ்வளவு என்பதை ஜெசிதா வீட்டுக்கு வெளியே ஒரேயொருவரிடம்தான் சொல்லியிருந்தாள். அது ஜெயதீபன்.

அவளை அந்த வேலைக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான். நான்கு வருடங்களுக்கு முன், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் களஞ்சியங்கள் நடத்தும் ஒரு கம்பனிக்கு, இலண்டன் முகவர் நிறுவனமொன்றின் ஊடாக ஜெயதீபன் ஒப்பந்த முறையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். இன்னுமொரு ஆள் வேண்டுமென்று அவர்கள் கேட்டபோது ஜெசிதாவின் பெயரைக் கொடுத்தான். அப்போது அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு, நகரத்தில் ஒரு சின்னக் கம்பனியில் மாதம் அறுபதாயிரம் ரூபாய்க்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"நாளுக்கு எவ்வளவு வேணுமெண்டு கேப்பாங்கள். எண்பது பவுண்ஸுக்குக் குறையச் சொல்லாதையும்," என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அவள் நம்பவில்லை. ஒரு நாளைக்கு முப்பதாயிரம் ரூபாயா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எண்பது கேட்டாள், கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் இருவருக்கும் தொண்ணூறு ஆனது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் ஒரு பாமசியின் மேல்மாடியில் இருவருமாக ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு மேசைகள், ஒரு குளிரூட்டி, மின்சாரம் நின்றால் தாங்குவதற்கு ஒரு பெரிய பற்றரி. இங்கிலாந்து நேரத்துக்கு வேலை என்பதால் மத்தியானத்துக்குப் பிறகுதான் தொடங்குவார்கள். ஜெசிதா பருத்தித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஜெயதீபன் மருதனார்மடத்திலிருந்து மோட்டச்சைக்கிளில் வருவான். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவனுக்கு முப்பத்தேழு.

ஆரம்பத்தில் எங்கும் ஆள் தேவையாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று முகவர்கள் தேடி அழைப்பார்கள். "இருக்கிற இடத்தை விட்டிட்டு வாங்கோ, பத்துப் பவுண்ஸ் கூட்டித் தாறம்," என்பார்கள். இருவரும் சிரித்துக்கொண்டு மறுத்துவிடுவார்கள். பிறகு அந்த அழைப்புகள் குறைந்தன. அதற்கடுத்த வருடம் ஒன்றுமே இல்லை. இவர்களாக எழுதிக் கேட்டாலும், உங்கள் விபரத்தைக் கோப்பில் வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி வரும்.

சென்ற கார்த்திகையில் முகவர் நிறுவனத்து எம்மாவிடமிருந்து இருவருக்கும் தனித்தனியே ஒரே மின்னஞ்சல் வந்தது. தை மாதத்திலிருந்து லீட்ஸ் கம்பனி ஒருவரை மட்டும்தான் வைத்திருக்கும். உங்களால் இறங்கக்கூடிய ஆகக் குறைந்த நாட்கட்டணத்தை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அறியத் தரவும்.

ஜெசிதா தன் கதிரையைத் திருப்பினாள்.

"அண்ணை, உங்களுக்கும் வந்ததே?"

"ஓம்."

"நான் எழுபத்தஞ்சு போடலாமெண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஜெயதீபன் யோசிக்காமலே பதில் சொன்னான். "குறைக்காதையும். ஒருக்காக் குறைச்சால் பிறகு ஏத்தவே மாட்டாங்கள். ரெண்டுபேரும் தொண்ணூறிலயே நிப்பம். ஆரை வேணுமெண்டாலும் அவங்கள் எடுக்கட்டும்."

அதைச் சொன்ன நேரத்தில் அது பொய் இல்லை. பின்னாளில் அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்த சமாதானம் இதுதான்.

"நீங்கள் சொன்னால் சரி," என்றாள் ஜெசிதா. அப்போதே தொண்ணூறு என்று எழுதி, அவன் பார்த்திருக்க அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஜெயதீபன் வீட்டில் மேசன் வந்து நின்றான். மருதனார்மடத்தில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. வங்கிக் கடன் இருந்தது. மனைவி பிரசாந்தி பள்ளிக்கூட ஆசிரியை. அவளுடைய சம்பளம் முழுவதும் அந்தக் கடனுக்கே போதாது. மேசன் போன பிறகு, "தை பிறந்தால் மரம் வாங்கலாம்தானே?" என்று அவள் கேட்டாள். அவன் ஓமென்றான். ஒருவரைத்தான் வைத்திருக்கப் போகிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வழமையைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாக அறைக்கு வந்தான். ஜெசிதாவின் பஸ் இன்னும் வந்திருக்காது. எம்மாவுக்கான பதிலில் தொண்ணூறு என்று எழுதினான். அழித்தான். எண்பது என்று எழுதினான். அவள் தொண்ணூறு போட்டிருப்பது அவனுக்குத் தெரியும். எண்பத்தொன்பது போட்டாலே போதும். ஆனால் அவள் எழுபத்தைந்து என்று சொன்னது மனதில் நின்றது. ஒருவேளை அவள் மனம் மாறி, இன்னொரு கடிதம் போட்டிருந்தால்? அவன் எழுபது என்று எழுதி அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் ஜெசிதா படியேறி வந்தாள். கடையில் வாங்கிய சூடான பற்றீஸ் பையை அவன் மேசையில் வைத்தாள்.

"போட்டிட்டியளே அண்ணை?"

"ஓம்."

"தொண்ணூறுதானே?"

"ஓம்."

முதல் ஓம் உண்மை. இரண்டாவது பொய். அவள் பையைப் பிரித்து ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கித் தின்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஜெசிதா தன் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, சிரிக்க முயன்றாள்.

"உங்களைத்தான் வைச்சிருக்கினமாம். எனக்கு மார்கழியோடை சரி."

ஜெயதீபன் தன் திரைப் பக்கம் திரும்பினான்.

"அது நியாயம்தானே அண்ணை," என்று அவளே சொன்னாள். "ரெண்டுபேரும் ஒரே றேட் எண்டால், கன காலம் இருக்கிற ஆளைத்தானே வைச்சிருப்பாங்கள். நானெண்டாலும் அதைத்தான் செய்வன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் தலையை ஆட்டினான். மார்கழிக் கடைசி நாள் அவள் தன் கீபோட்டையும், முதுகுக்கு வைக்கும் குட்டித் தலையணையையும், சார்ஜர்களையும் ஒரு பையில் அடுக்கியபோது, அந்தப் பையை அவன்தான் கீழே பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனான். "உங்களாலதான் அண்ணை நாலு வருசம் இப்பிடி உழைச்சனான். அப்பாவின்ரை ஒப்பரேசனையும் செய்து முடிச்சிட்டன்," என்றாள் அவள், பஸ் வருகிறதா என்று பார்த்தபடி. அவளுடைய அப்பா கனகலிங்கம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்த பிறகு போவதில்லை. வீட்டில் உழைப்பது ஜெசிதா மட்டும்தான்.

தை மாதத்தில் ஜெயதீபன் அந்த அறையில் தனியே இருந்தான். எதிர் மேசையைப் பார்க்கப் பிடிக்காமல் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டான். கூரைக்கு மரம் வாங்கினான். இப்போது இரண்டு பேருடைய வேலையையும் அவன் ஒருவனே செய்யவேண்டியிருந்தது. களஞ்சியத்தில் சரக்கு வெளியே போகும்போது கணக்கை மாற்றும் பகுதி முழுவதும் ஜெசிதா எழுதியது. மாசியில் ஒரு நாள் அது குழம்பியது. லீட்ஸில் லொறிகள் வரிசையில் நிற்க, அங்கிருந்து பத்து நிமிடத்துக்கொரு தடவை அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலம் தேடியும் அவனுக்குப் பிழை பிடிபடவில்லை. கடைசியில் ஜெசிதாவுக்கு அழைத்தான்.

அவள் அப்போது நெல்லியடியில் உயர்தர மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்கு வெளியே வந்து நின்று, திரையைப் பார்க்காமலே, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் சொன்னாள். "அதுக்குக் கீழை ஒரு சின்ன நிபந்தனை கிடக்கும் அண்ணை. திகதி வெறுமையாய் வந்தால் என்ன செய்யிறதெண்டு. அதைப் பாருங்கோ." அவள் சொன்ன இடத்தில்தான் பிழை இருந்தது. இருபத்தைந்து நிமிடம் அவள் வெயிலில் நின்றாள். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை அவன் அழைத்தான். அவள் இரண்டு தடவையும் பதில் சொன்னாள். லீட்ஸிலிருந்து அவனுக்குப் பாராட்டு வந்தது.

அதே மாதத்தில்தான் அவனுடைய அப்பா கதிரவேலுவின் வெங்காயத் தோட்டத்தில் அறுவடை தொடங்கவிருந்தது. வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுத்துப் பிடி கட்டுவதற்கு எட்டுப் பெண்கள் வருவார்கள். நாட்கூலி பேச, அவர்களில் செல்வநாயகி ஒரு காலை வீட்டுக்கு வந்தாள். ஜெயதீபன் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாயிரம் ஐயா," என்றாள் செல்வநாயகி.

"வெங்காயம் விலை விழுந்துபோய்க் கிடக்கு. ஆயிரத்து எண்ணூறு தாறன்," என்றார் கதிரவேலு.

"ஏலாது ஐயா."

அப்பா கொஞ்சம் குரலைத் தணித்தார். "சரி, மற்றவையை விடு. நீ கெட்டிக்காரி. நீயும் இன்னும் மூண்டு பேரும் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கோ. ரெண்டு கிழமைக்கு வேலை தாறன். மற்ற ஆக்களுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

செல்வநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நாங்கள் எட்டுப்பேரும் கதைச்சுப்போட்டுத்தான் நான் வந்தனான் ஐயா. இதிலை நாலு பேர் குறைச்சு வந்தால் மற்ற நாலு பேரின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது? பக்கத்துப் பக்கத்து வீடெல்லே."

அப்பா சலித்துக்கொண்டு இரண்டாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். அவள் படலையைத் திறந்துகொண்டு போகும்போது ஜெயதீபனைப் பார்த்து, "தம்பி சுகமே?" என்று கேட்டாள். அவனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவனுக்குத் தெரிந்திருந்தும், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் நின்றான்.

அதற்குப் பிறகு அவனால் ஜெசிதாவுக்கு அழைக்க முடியவில்லை. எதிலாவது சிக்கினால் தானே பாடுபட்டான். ஒரு வேலையில் பிந்தியதற்காக லீட்ஸில் ஏச்சு வாங்கினான். வாங்கியது நல்லதென்று பட்டது. ஆனால் அந்தச் சின்ன ஆறுதல் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனான். பிரசாந்தியிடம் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். ஜெசிதாவின் வீடு கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள். ஜெசிதா பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்கோ அண்ணை. என்ன இந்தப் பக்கம்?"

அவன் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவை ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் அண்டைக்குத் தொண்ணூறு போடேல்லை," என்றான். "எழுபது போட்டனான்."

ஜெசிதா கையிலிருந்த சிவப்புப் பேனையை மூடினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னண்டு?"

"தை மாதம் எம்மாவுக்குக் கோல் அடிச்சனான், வேறை ஏதும் இருக்கோ எண்டு கேக்க. அவள்தான் சொன்னவள். எழுபதுக்கு ஆள் இருக்கேக்கை தொண்ணூறு கேட்டால் தாங்கள் என்ன செய்யிறது எண்டு."

தை மாதம். அவன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். அவன் அழைத்தது மாசியில். அவள் வெயிலில் நின்று பிழை தேடித் தந்த மூன்று தடவையும், எல்லாம் தெரிந்துகொண்டுதான் தந்திருக்கிறாள்.

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு உதவி செய்தனீர்?"

"அது நான் எழுதினது அண்ணை. குழம்பினால் என்ரை பேரும்தான் கெடும். உங்களுக்காக எண்டு நினைக்காதையுங்கோ." அவள் குரல் உயரவில்லை. "எழுபத்தஞ்சு போடப்போறன் எண்டு நான் வாய்விட்டுச் சொன்னனான். நீங்கள் தடுத்தனீங்கள். பேசாமல் இருந்திருந்தாலே போதும். நான் எழுபத்தஞ்சு, நீங்கள் எழுபது. அப்பவும் உங்களுக்குத்தான் வந்திருக்கும். நானும் உங்களைப் பற்றி ஒண்டும் நினைச்சிருக்கமாட்டன்."

அது அவன் யோசித்தே பார்க்காத விஷயம்.

"மன்னிச்சுக்கொள்ளும் ஜெசிதா."

"இப்ப வந்து இதைச் சொல்லுறது ஆருக்கு அண்ணை? எனக்கே? உங்கடை மனம் லேசாகிறதுக்குத்தானே வந்தனீங்கள்." அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். "லேசாகுதெண்டால் சரி. என்னட்டை வேறை ஒண்டும் கேக்காதையுங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கனகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். மீன்சந்தைக்குப் போய்விட்டு வருகிறார். ஜெயதீபனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, தம்பியே! ஏன் நிண்டுகொண்டு கதைக்கிறியள்? இருங்கோ, இருங்கோ. பிள்ளை, தேத்தண்ணி போடு. இந்தத் தம்பியாலையல்லோ நான் இண்டைக்கு உயிரோடை நிக்கிறன்."

ஜெயதீபன் ஜெசிதாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றுவதற்காக அல்ல என்பது அவனுக்கு விளங்கியது. அவருடைய நெஞ்சுக்கு அது வேண்டாமென்று விட்டிருக்கிறாள்.

தேத்தண்ணி வந்தது. குடித்தான். வெளிக்கிடும்போது கனகலிங்கம் வாங்கி வந்த விளைமீன்களில் பெரிய இரண்டை எடுத்து, ஒரு பையில் போட்டு மோட்டச்சைக்கிள் கைபிடியில் கொழுவினார். வேண்டாமென்று மூன்று தடவை சொல்லியும் கேட்கவில்லை. "எங்கடை வீட்டுக்கு வந்திட்டு வெறுங்கையோடை போறதே? பிள்ளையளுக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ."

வல்லைவெளியால் வரும்போது எதிர்க்காற்றில் பை ஆடியாடி அவன் முழங்காலில் தட்டியது. ஓரிடத்தில் நிறுத்தி, அதை வீதியோரத் தரவை வெளிக்குள் எறிந்துவிடலாமா என்று நினைத்தான். நோயாளி மனிதர் ஒருவர் தன் வீட்டுச் சமையலுக்கு வாங்கியது. எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பிரசாந்தி குழம்பு வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் விருப்பமாகச் சாப்பிட்டன. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எழும்பிப்போன பிறகு, "என்னப்பா, என்ன நடந்தது?" என்றாள். அவன் கார்த்திகையிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னான். ஜெசிதா அவர்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். மூத்தவளுடைய பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்திருக்கிறாள்.

பிரசாந்தி மீன்சட்டியை மூடிவைத்தாள்.

"எனக்கு மட்டும் அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் குறைச்சுப் போடச் சொல்லித்தான் சொல்லியிருப்பன்," என்றாள். சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பியபோது அவள் முகத்திலும் அவன் பார்க்க விரும்பாத அதே வெட்கம் இருந்தது.

ஆனியில் எம்மா மறுபடியும் எழுதினாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். லீட்ஸ் கம்பனி ஐம்பத்தைந்துதான் தர விரும்புகிறது. இந்த வேலையை முன்பு செய்தவர்களிடமும் விலை கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

முன்பு செய்தவர்கள் என்றால் ஒரேயொரு ஆள்தான். ஜெயதீபன் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தான். மறுபடியும் எடுத்தான். அன்று பருத்தித்துறைக்குப் போய் வந்த பிறகு அவளோடு அவன் கதைக்கவில்லை.

"உமக்கும் கடிதம் வந்ததே?" என்று கேட்டான்.

"ஓம். காலமை வந்தது."

"நான் எழுபதிலை நிக்கிறன். அதுக்குக் கீழை போகமாட்டன். அனுப்பினதும் அந்தக் கடிதத்தை உமக்கும் போட்டுவிடுறன், நீர் பாரும்."

"வேண்டாம் அண்ணை."

"நம்பமாட்டீர் எண்டு தெரியும். அதுக்காகத்தான்..."

"வேண்டாமெண்டு சொல்லுறன்தானே." அவள் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். "நீங்கள் எவ்வளவு போட்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. நான் என்ன போடப்போறன் எண்டு நான் சொல்லமாட்டன். நீங்களும் கேக்காதையுங்கோ."

"கேக்கேல்லை," என்றான் அவன்.

அவன் எழுபது என்று எழுதி அனுப்பினான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. இத்தனை வருட உழைப்புக்கு நன்றி, வேலையை இன்னொருவர் பொறுப்பெடுக்கிறார், ஐந்து நாட்களில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும். பொறுப்பெடுப்பவர் என்று அடியில் ஜெசிதாவின் பெயர் இருந்தது.

அந்த ஐந்து நாளும் அவன் ஒழுங்காக வேலை செய்தான். ஆறு மாதத்தில் தான் மாற்றிய ஒவ்வொன்றையும், ஏன் மாற்றினான் என்பதையும் எழுதிவைத்தான். தான் அவசரத்தில் ஒட்டுப்போட்ட இடங்களையும் மறைக்காமல் எழுதினான். தினமும் பின்னேரம் மூன்று மணிக்குத் திரையில் ஜெசிதா வருவாள். லீட்ஸ்காரர் ஒருவரும் இருப்பார். ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். கூர்மையான கேள்விகள். அவனுடைய ஒட்டுக்களில் ஒன்றை அவள் கண்டுபிடித்து, இது ஏன் இப்படி என்று கேட்டபோது, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று அந்த லீட்ஸ்காரருக்கும் கேட்கும்படியாக அவன் சொன்னான். அவள் குறித்துக்கொண்டாள்.

கடைசி நாள் லீட்ஸ்காரர் விடைபெற்றுப் போன பிறகும் அவள் ஒரு கணம் திரையில் இருந்தாள்.

"வேறை ஏதும் நான் தெரிஞ்சிருக்கவேண்டியது இருக்கே அண்ணை?" தமிழில் கேட்டாள்.

"இல்லை. எல்லாம் எழுதியிருக்கிறன்."

"சரி. அப்பா உங்களைச் சுகம் கேட்டவர்," என்றாள். திரை அணைந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது பிரசாந்தி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நகரத்தில் ஓர் இரும்புக்கடைக்குச் சரக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் செய்துகொடுக்க, மாதச் சம்பளத்துக்கு அவன் கதைத்து வைத்திருந்தான். பழைய உழைப்பில் கால்வாசிகூட வராது. கூரைக்கு மரம் அடித்தாயிற்று. ஓடுகளும் யன்னல்களும் இனி எப்போது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"அவள் எவ்வளவுக்குப் போனவளாம்?" என்று கேட்டாள் பிரசாந்தி.

"தெரியாது."

"ஐம்பத்தஞ்சுக்கோ? இல்லாட்டில் அதுக்கும் கீழையோ?"

"தெரியாது எண்டு சொல்லுறன்தானே."

"கேட்டால் சொல்லமாட்டாளே?"

வாளியில் கடைசியாகக் கிடந்த ஒரு சின்னச் சட்டையை எடுத்து அவன் உதறினான். அதைக் கொடியில் போட்டுக் கிளிப்பைக் குத்தினான்.

"கேக்கிறதுக்கு எனக்கு முகம் இல்லை," என்றான்.